வணங்கித் தொடங்குதல்: கராத்தே வகுப்பில் முதல் மூன்று மாதங்கள்

கராத்தே கற்க வருகிறவர்கள் குத்தையும் உதையையும் எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள். முதல் நாள் கிடைப்பதோ வேறு பாடம்: செருப்பை எங்கே விடுவது, எங்கே நிற்பது, எந்தக் காலை முதலில் மடக்கி உட்கார்வது, எப்போது குனிந்து வணங்குவது. சிலருக்கு இது சலிப்பைத் தரும். வேறு சிலருக்கோ, தெரியாமல் ஏதாவது செய்து எல்லோர் முன்னாலும் கூச்சப்பட நேருமோ என்ற பயம் இருக்கும். இரு தரப்பினருக்கும் உதவுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். டோஜோ எனப்படும் பயிற்சிக்கூடத்தில் இருபது முப்பது பேர் ஒரே தளத்தில் வெறுங்காலுடன் நின்று, ஒருவர் முகத்தை நோக்கி ஒருவர் கை வீசிப் பழகுகிறார்கள். அப்படியிருந்தும் எல்லோரும் நல்லபடியாக வீடு திரும்புகிறார்கள் என்றால், அங்கே நிலவும் ஒழுங்குதான் காரணம். டோஜோவின் மரியாதை விதிகளில் ஏறக்குறைய எல்லாமே பாதுகாப்பைக் காக்கவோ கவனத்தைக் குவிக்கவோ வந்தவை. காரணம் புரிந்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எனவே விதியோடு காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

இங்கே விளக்குபவை ஷோடோகான் பாணியின் வழக்கத்தை ஒட்டியவை. மற்றப் பாணிகளில் சிறு வேறுபாடுகள் உண்டு. உங்கள் ஆசிரியர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

இந்த ஒழுங்கு எப்படி வந்தது

கராத்தே வளர்ந்த இடம் ஜப்பானின் தெற்கே உள்ள ஒக்கினாவா தீவு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே அதை வெளிப்படையாக யாரும் கற்பிக்கவில்லை. ஷுரி நகரில் 1868இல் பிறந்த கிச்சின் ஃபுனாகோஷி, தம் ஆசான் அங்கோ அசாட்டோவின் வீட்டு முற்றத்தில் இரவு நேரங்களில்தான் கற்றார். ஓர் ஆசான், ஓரிரு மாணவர்கள் என்ற சூழலில் வரிசையோ கட்டளைகளோ தேவைப்படவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கோ இட்டோசு என்ற ஆசான் கராத்தேவை ஒக்கினாவாவின் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுசென்றார். ஒரே நேரத்தில் பல பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியிருந்ததால் வரிசையில் நிற்பதும் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒன்றாக அசைவதும் பயிற்சியில் இடம்பெற்றன. ஃபுனாகோஷியும் தொழிலால் பள்ளி ஆசிரியரே. 1922இல் அவர் தோக்கியோ சென்று கராத்தேவைச் செய்துகாட்டினார். ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ அவரைத் தம் கோடோகான் கூடத்துக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். இன்று நாம் அணியும் வெள்ளைச் சீருடையும் பெல்ட் படிநிலைகளும் ஜூடோவிலிருந்து வந்தவை. கராத்தேவில் முதல் கறுப்பு பெல்ட்டுகளை ஃபுனாகோஷி 1924இல் வழங்கினார். வெள்ளை பெல்ட் பல ஆண்டு அழுக்கேறிக் கறுப்பானது என்று வகுப்புகளில் ஒரு கதை சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. பெல்ட்டைத் துவைக்காமல் வைத்திருக்க அந்தக் கதையைக் காரணமாக்க வேண்டாம்.

தம் மாணவர்களுக்காக ஃபுனாகோஷி வகுத்த இருபது நெறிகளில் முதலிடம் வணக்கத்துக்கு. இரண்டாவது, தான் முந்தித் தாக்காமல் இருப்பது. இந்த அத்தியாயமும் அதே வரிசையில்தான் செல்கிறது.

வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

ஃபுனாகோஷியின் வழிவந்த ஷோடோகான், சோஜுன் மியாகி நிறுவிய கோஜு-ரியூ, கென்வா மபுனி நிறுவிய ஷிட்டோ-ரியூ, ஹிரோனோரி ஓட்சுகா நிறுவிய வாடோ-ரியூ ஆகிய நான்கும் ஜப்பானின் முக்கியப் பாணிகள். மசுடாட்சு ஓயாமா நிறுவிய கியோகுஷின் முழுத் தாக்குதலோடு பழகும் பாணி. தொடங்குபவர் பாணியைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். அருகில் இருக்கும் நல்ல ஆசிரியர், தொலைவில் இருக்கும் புகழ்பெற்ற பாணியைவிட மேலானவர்.

சேருவதற்கு முன் ஒரு வகுப்பை முழுதாகப் பாருங்கள். முன்னதாகவே அனுமதி கேளுங்கள். ஓரமாக அமர்ந்து, போனை அணைத்துவிட்டு, கேட்காமல் படம் எடுக்காமல் பாருங்கள். கவனிக்க வேண்டியவை இவை:

1. வகுப்பு உடலைச் சூடாக்கும் பயிற்சிகளோடு தொடங்குகிறதா? நேரே உயர உதைகளுக்குத் தாவினால் தொடையும் இடுப்பும் பாதிக்கப்படும்.
2. மூத்த மாணவர்கள் சிறியவர்களோடு பழகும்போது தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்களா? ஆசிரியரின் தரத்தை அறிய இதைவிட நல்ல அடையாளம் இல்லை.
3. யாருக்காவது அடிபட்டால் வகுப்பை நிறுத்திக் கவனிக்கிறார்களா? முதலுதவிப் பெட்டி இருக்கிறதா?
4. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா? "உள்ளே வரக்கூடாது" என்று சொல்லும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.
5. மாதக் கட்டணம், சீருடை, கிரேடிங் தேர்வு, ஆண்டு உறுப்பினர் கட்டணம், போட்டிச் செலவு ஆகியவற்றை முன்கூட்டியே சொல்கிறார்களா?

வாரம் 2 அல்லது 3 நாள் விடாமல் வருபவருக்கும் கறுப்பு பெல்ட் பெறப் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் ஆகும். ஓராண்டில் தருகிறேன் என்று உறுதி கூறுபவர் பெல்ட் விற்கிறார் என்றே கொள்ளலாம்.

சேரும் நாளில் உங்கள் உடல்நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, பழைய எலும்பு முறிவு, முழங்கால் வலி, கர்ப்பம் என எதுவாக இருந்தாலும் ஆசிரியருக்குத் தெரிந்தால்தான் பயிற்சியை அதற்கேற்ப மாற்றித் தர முடியும்.

சீருடையும் பெல்ட்டும்

முதல் ஓரிரு வகுப்புகளுக்குச் சீருடை தேவையில்லை. டி-ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் போதும். தொடர்ந்து வருவது உறுதியானபின் ஆசிரியரைக் கேட்டு வாங்குங்கள். சீருடைத் துணியின் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். 8 அவுன்ஸ் மெல்லியது, விலையும் குறைவு. நம் வெயிலுக்கும் தொடங்குபவருக்கும் அதுவே ஏற்றது. 12 அவுன்ஸுக்கு மேற்பட்டவை கனமானவை. அவை பின்னால் பார்த்துக்கொள்ளலாம். அளவு எண்கள் உயரத்தைக் குறிப்பவை: ஏறத்தாழ 160 செ.மீ. உயரத்துக்கு 3, 170க்கு 4, 180க்கு 5. பருத்தித் துணி முதல் சில சலவைகளில் சுருங்கும் என்பதால் ஓரளவு பெரிதாக வாங்குவது நல்லது.

மேலங்கியின் இடப் பக்கம் மேலே, வலப் பக்கம் உள்ளே வரவேண்டும். இதை ஆண், பெண் இருவரும் மாற்றாமல் பின்பற்ற வேண்டும். ஜப்பானில் இறந்தவர்களுக்குத்தான் வலப் பக்கத்தை மேலே வைத்து உடுத்துவார்கள். பெண்கள் உள்ளே வெள்ளை டி-ஷர்ட் அணிவது வழக்கம்.

பெல்ட் கட்டும் முறை:

1. பெல்ட்டின் நடுப்பகுதியைத் தொப்புளுக்குச் சற்றுக் கீழே வையுங்கள்.
2. இரு முனைகளையும் பின்னால் கொண்டுசென்று, ஒன்றன்மேல் ஒன்றாகக் கடத்தி, முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.
3. இடக்கை முனையை மற்றதன் மேல் போட்டு, இரண்டு அடுக்குகளுக்கும் அடியில் நுழைத்து மேலே இழுங்கள்.
4. மேலே வந்த முனையையும் கீழே இருக்கும் முனையையும் சேர்த்து முடிச்சிட்டு, பக்கவாட்டில் இறுக்குங்கள். முனைகள் இரண்டும் ஒரே நீளத்தில் தொங்க வேண்டும்.

வகுப்பின் நடுவே பெல்ட் அவிழ்ந்தால் ஆசிரியருக்கும் முன்பக்கத்துக்கும் முதுகு காட்டித் திரும்பி நின்று, கட்டிக்கொண்டு மீண்டும் முகம் திருப்புங்கள். பெல்ட்டைத் தரையில் இழுக்கவோ கழுத்தில் போட்டுக்கொண்டு திரியவோ கூடாது.

சீருடையை ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் துவைக்க வேண்டும். வியர்வை காய்ந்த சீருடையோடு வந்தால் சங்கடப்படுபவர் நீங்கள் அல்ல, உங்கள் எதிரே நிற்பவர். சாயம் போகும் துணிகளோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள்.

உடல் தூய்மையும் நகைகளும்

கைந்நகம், கால்நகம் இரண்டையும் ஒட்ட வெட்டுங்கள். டோஜோவில் ஏற்படும் சிறு கீறல்களில் பல, வெட்டாத நகத்தால் வருபவை. வெறுங்காலோடு பயில்வதால் உள்ளே நுழையும் முன் காலைக் கழுவித் துடையுங்கள். காலில் வெட்டுக்காயமோ பூஞ்சைத் தொற்றோ இருந்தால் மூடிக்கொண்டு, ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

மோதிரம், வளையல், கொலுசு, தோடு, கைக்கடிகாரம் அனைத்தையும் கழற்றிவிடுங்கள். மோதிர விரலோடு குத்தைத் தடுத்தால் விரல் வீங்கி, மோதிரத்தை அறுத்தெடுக்க வேண்டி வரும். மெட்டியைக் கழற்ற விரும்பாதவர்கள் அதன்மேல் மருத்துவ டேப் சுற்றிக்கொள்ளலாம். தாலிச் சங்கிலியைக் கழற்றாத பெண்கள் அதை உள் டி-ஷர்ட்டுக்குள் விட்டு டேப்பால் ஒட்டிக்கொண்டால், இழுபட்டுக் கழுத்தை அறுக்காது. இருவர் பயிற்சிக்கு முன் ஆசிரியரிடமும் தெரிவித்துவிடுங்கள். கையில் கட்டிய மந்திரக் கயிற்றின்மேல் துணிப்பட்டை போதும். முடியை உலோகம் இல்லாத ரப்பர் பேண்டால் கட்டுங்கள். கண்ணாடி அணிபவர்கள் பின்பட்டை மாட்டிக்கொள்ளலாம். நேரடி மோதல் பயிற்சிகளில் அதையும் கழற்ற வேண்டும்.

வயிறு நிறையச் சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் வகுப்புக்கு வராதீர்கள்.

வாசல் முதல் வரிசை வரை

10 நிமிடம் முன்னதாக வாருங்கள். செருப்பை ஓரமாக, முனை வெளிப்புறம் பார்க்குமாறு அடுக்கி விடுங்கள். வாசலில் ஒரு கணம் நின்று, உள்நோக்கி ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டு நுழையுங்கள். வெளியே இருந்த வேலை, சண்டை, போன் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வருகிறோம் என்று உடம்புக்குச் சொல்லிக்கொள்ளும் செயல் அது.

நின்று வணங்கும்போது குதிகால்களைச் சேர்த்து, பாத முனைகளை விலக்கி, கைகளைத் தொடையின் பக்கவாட்டில் வைத்து, இடுப்பிலிருந்து சுமார் 30 டிகிரி குனியுங்கள். முதுகும் கழுத்தும் ஒரே கோட்டில் இருக்கட்டும். குனிந்தபடியே எதிரியை முறைத்துப் பார்ப்பது திரைப்படத்துக்கு மட்டும் பொருந்தும். ஒரு மூச்சு நேரம் நிதானித்து நிமிருங்கள்.

டோஜோவின் முன்பக்கத்துக்கு ஷோமென் என்று பெயர். பாணியை நிறுவியவரின் படம் பெரும்பாலும் அங்கே இருக்கும். நம் ஊரில் பல வகுப்புகள் பள்ளி மைதானத்திலும் மொட்டை மாடியிலும் கல்யாண மண்டபத்திலும் நடக்கின்றன. அங்கெல்லாம் எந்தத் திசையை முன்பக்கமாகக் கொள்வது என்று ஆசிரியர் சொல்வார். வரிசையில் ஷோமெனை நோக்கி நிற்கும்போது உயர்ந்த பெல்ட் வலக்கோடியிலும் புதியவர் இடக்கோடியிலும் நிற்பது வழக்கம். புதியவரைக் கடைசியில் நிறுத்துவது தாழ்த்துவதற்காக அல்ல. அவர் தமக்கு வலப்புறம் இருப்பவர்களைப் பார்த்து அப்படியே செய்துகொள்ளலாம் என்பதற்காகவே.

தாமதமாக வந்துவிட்டால் நேரே வரிசைக்குள் ஓடாதீர்கள். வாசலருகே மண்டியிட்டு அமர்ந்து ஆசிரியர் பார்வைக்காகக் காத்திருங்கள். அவர் தலையசைத்ததும் வணங்கி எழுந்து, மற்றவர்களுக்குப் பின்புறமாகச் சென்று கடைசியில் நில்லுங்கள். பயில்பவர்களின் முன்னாலோ, ஜோடியாக நிற்பவர்களின் இடையிலோ யாரும் எப்போதும் கடக்கக் கூடாது. வீசிய கையை அந்த நொடியில் யாராலும் நிறுத்த முடியாது.

தொடக்க வணக்கம், படிப்படியாக

வகுப்பின் தொடக்கமும் முடிவும் ஒரே முறையில் அமைந்தவை. முதல் வாரத்திலேயே இது பழகிவிடும்.

1. "செய்சா" என்ற கட்டளைக்கு மண்டியிட்டு அமர வேண்டும். இடது முழங்கால் முதலில், பிறகு வலது. பெருவிரல்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க, குதிகால்கள்மேல் அமர்ந்து, கைகளைத் தொடைமேல் வையுங்கள்.
2. "மொக்சோ" என்றதும் கண்களை மூடி மூச்சைக் கவனியுங்கள். "மொக்சோ யாமே" என்றதும் கண் திறக்கலாம்.
3. "ஷோமென் நி ரேய்" என்றதும் முன்பக்கத்தை வணங்குங்கள். இடக்கையை முதலில், பிறகு வலக்கையைத் தரையில் ஊன்றி, இடுப்பைத் தூக்காமல் குனிய வேண்டும்.
4. "சென்செய் நி ரேய்" என்றதும் ஆசிரியரை வணங்கி, "ஒனெகாய் ஷிமாஸ்" என்று கற்றுத்தரக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியரும் உங்களை வணங்குவார். அவர் நிமிர்ந்த பிறகு நிமிருங்கள்.
5. "ஒத்தகாய் நி ரேய்" என்றதும் மாணவர்கள் ஒருவருக்கொருவர் வணங்க வேண்டும்.
6. எழும்போது வலக்காலை முதலில் ஊன்றி எழுங்கள். மூத்தவரிடமிருந்து தொடங்கி ஒருவர் பின் ஒருவராக எழுவது பல டோஜோக்களில் வழக்கம்.

முடிவில் இதே வணக்கங்களோடு "அரிகாத்தோ கொசாய்மாஷித்தா" என்று நன்றி சொல்வார்கள். பல ஷோடோகான் வகுப்புகளில் ஐந்து உறுதிமொழிகளை எல்லோரும் சேர்ந்து சொல்வதும் உண்டு. தம் குணத்தைச் செம்மையாக்குவது, பிறரை மதிப்பது, வன்முறையைத் தவிர்ப்பது ஆகியவை அவற்றில் அடங்கும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் மண்டியிட்டுத் துன்பப்பட வேண்டாம். முன்பே சொல்லிவிட்டுச் சம்மணமிட்டு அமருங்கள், முடியாவிட்டால் நின்றே வணங்குங்கள். முன்பக்கத்தை நோக்கிக் காலை நீட்டாமல் இருந்தால் போதும்.

வணங்கத் தயங்குபவர்களுக்கு

படத்தின் முன் தலை குனிவது தம் சமயத்துக்கு ஒவ்வாது என்று கருதுபவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. டோஜோவில் செய்யும் வணக்கம் வழிபாடு அல்ல. ஜப்பானியர் அன்றாடம் ஒருவரையொருவர் பார்க்கும்போது செய்யும் மரியாதையின் ஒழுங்கான வடிவம் அது. அப்படியும் மனம் ஒப்பாவிட்டால், சேருவதற்கு முன்பே ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். தரையில் கை ஊன்றாமல் நின்று இலேசாகத் தலையசைப்பதை ஏற்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சொல்லாமல் வரிசையில் விறைத்து நின்றால் அது வேறு விதமாகப் புரிந்துகொள்ளப்படும்.

வகுப்பு நடக்கும்போது

ஆசிரியரைச் "சென்செய்" என்றும் மூத்த மாணவரைச் "சென்பாய்" என்றும் அழைப்பார்கள். நம் ஊரில் "மாஸ்டர்" என்பதும் பரவலான வழக்கம். அந்த வகுப்பில் எப்படி அழைக்கிறார்களோ அப்படியே அழையுங்கள். ஆசிரியர் ஏதாவது சொன்னால் காதில் விழுந்ததற்கு அடையாளமாகப் பதில் கொடுங்கள். சில டோஜோக்களில் "ஓஸ்" என்பார்கள், சிலவற்றில் "ஹாய்" என்பார்கள். முதல் நாள் காது கொடுத்துக் கேட்டாலே தெரிந்துவிடும்.

அடிக்கடி வரும் கட்டளைகள்: "யோய்" தயாராகுதல், "ஹஜிமே" தொடங்குதல், "யாமே" நிறுத்துதல், "மாவாத்தே" திரும்புதல், "நாவோரே" பழைய நிலைக்கு மீளுதல். ஜோடான் என்றால் முக உயரம், சூடான் வயிறும் நெஞ்சும், கேடான் அதற்குக் கீழே. எண்கள்: இச்சி, நி, சான், ஷி, கோ, ரோக்கு, ஷிச்சி, ஹச்சி, கு, ஜூ. இவை அனைத்திலும் முக்கியமானது "யாமே". அந்தச் சொல் காதில் விழுந்த இடத்திலேயே கை நிற்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு குத்து என்று நினைக்கும்போதுதான் காயம் ஏற்படுகிறது.

பக்கத்தில் இருப்பவரிடம் பேசாதீர்கள். சந்தேகம் இருந்தால் கை உயர்த்திக் கேளுங்கள். ஆசிரியர் செய்துகாட்டும்போது சுவரில் சாயாமல், கை கட்டாமல் பாருங்கள். வேறொருவருக்குச் சொல்லும் திருத்தத்தையும் உங்களுக்கே சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சொன்னால் காரணம் கூறாமல் உடனே செய்துபாருங்கள். நீங்களும் புதியவராக இருக்கும்வரை பக்கத்துப் புதியவருக்குக் கற்றுத்தர வேண்டாம். பாதி புரிந்ததைச் சொன்னால் இருவருக்கும் தவறு பழகிவிடும்.

தண்ணீர் குடிக்கவும் வெளியே போகவும் அனுமதி கேளுங்கள். நீங்கள் எங்கே என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் காரணம். தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் அனுமதிக்குக் காத்திராமல் அங்கேயே உட்கார்ந்து கை உயர்த்துங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இது மிக முக்கியம்.

வகுப்பு முடிந்ததும் தரையைப் பெருக்கித் துடைப்பது பல டோஜோக்களில் மாணவர் வேலை. யாராவது சொல்லட்டும் என்று நிற்காமல் துடைப்பத்தை எடுங்கள். நாளை வெறுங்காலோடு அந்தத் தரையில் நிற்கப்போவது நீங்கள்தான்.

இருவர் பயிற்சி

மரியாதையின் உண்மையான சோதனை இங்கேதான். தொடங்குபவர்களுக்குத் தருவது சுதந்திரமான சண்டை அல்ல. முன்கூட்டியே வகுத்த தாக்குதலும் தடுப்பும். தாக்குபவர் "ஜோடான்" அல்லது "சூடான்" என்று இலக்கை உரக்கச் சொல்லிவிட்டே முன்னேறுவார். வண்டியைத் திருப்பும் முன் இண்டிகேட்டர் போடுவது போன்றது இது. சொன்ன இடத்தைத் தவிர வேறெங்கும் தாக்கக் கூடாது.

தொடக்கத்திலும் முடிவிலும் எதிரே நிற்பவரை வணங்குங்கள். நான் பழகுவதற்காக அவர் தம் உடலைத் தருகிறார். அதைச் சேதமின்றித் திருப்பித் தருவது என் பொறுப்பு. குத்து உடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். அதற்காக அக்கம்பக்கத்துக் காற்றில் குத்துவதும் தவறு. இலக்கை நோக்கி நேராக வராத குத்தைத் தடுத்து எதிராளி எதையும் கற்க முடியாது. நேராகக் குத்தி, சரியான இடத்தில் நிறுத்துவதுதான் திறமை.

தெரியாமல் பட்டுவிட்டால் உடனே நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, அவர் நலமா என்று பாருங்கள். உங்கள்மேல் பட்டால் பழிவாங்கும் வேகத்தில் திருப்பித் தராதீர்கள். எதிரே இருப்பவர் சிறியவர் என்றாலோ வயதானவர் என்றாலோ வேகத்தைக் குறைப்பது உங்கள் கடமை. பெண் என்பதற்காகக் குத்தைப் பொய்யாக்குவது அவரை மதிப்பதாகாது. அவரும் கற்கத்தான் வந்திருக்கிறார். மூத்தவர் அளவுக்கு மீறிய வேகத்தில் வந்தால் "கொஞ்சம் மெதுவாக" என்று கேட்பதில் வெட்கம் இல்லை.

மரியாதைக்கு ஓர் எல்லை

டோஜோவில் வணக்கம் இருவழிப் பாதை. மாணவர் வணங்கும்போது ஆசிரியரும் வணங்குகிறார் என்பதை மறக்க வேண்டாம். கடுமையான பயிற்சி வேறு, இழிவுபடுத்துவது வேறு. கோபத்தில் அடிப்பது, மற்றவர் முன் உடலைக் கேலி செய்வது, காயத்தோடு பயிலக் கட்டாயப்படுத்துவது, திருத்தம் என்ற பெயரில் தேவையின்றித் தொடுவது, பிள்ளைகளைத் தனியாக அழைப்பது ஆகிய எதுவும் மரபு அல்ல. அப்படி நடந்தால் வெளியேறுங்கள், மற்றப் பெற்றோரிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் தொடர்பான புகார்களுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. கீழ்ப்படிதல் என்ற பெயரில் பொறுத்துக்கொள்வது கராத்தே கற்றுத்தரும் பாடம் அல்ல.

முதல் மூன்று மாதங்கள்

முதல் மாதத்தில் முஷ்டி பிடிக்கக் கற்பீர்கள். நான்கு விரல்களையும் இறுக மடக்கி, கட்டை விரலைச் சுட்டுவிரல், நடுவிரல் மேல் வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் விரல் உடையும். மணிக்கட்டு வளையாமல் முதல் இரண்டு முட்டிகளால் குத்த வேண்டும். ஒரு கை குத்தும்போது மற்றக் கை இடுப்புக்குத் திரும்பும். முன்காலை மடித்து நிற்கும் செங்குட்சு-தாச்சி என்ற நிலையில் முழங்கால் பாத விரல்களின் திசையிலேயே இருக்கட்டும். உள்ளே சாய்ந்தால் மூட்டு தேயும்.

இரண்டாம் மாதத்தில் கீழ்த் தடுப்பு, மேல் தடுப்பு, முன் உதை ஆகியவையும், மூன்றாம் மாதத்துக்குள் ஹெயான் ஷோடான் என்ற முதல் கட்டாவும் (வகுத்த வரிசையில் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்) வரும். 21 அசைவுகள் கொண்ட இந்தக் கட்டாவின் முதல் அசைவு இடப்புறம் திரும்பிச் செய்யும் தடுப்பு. முந்தித் தாக்காதே என்ற நெறியைப் புதியவர் முதலில் உடம்பால் கற்பது இங்கேதான்.

வீட்டில் தினமும் 15 நிமிடம் பழகினால் போதும். சிமென்ட் தரையில் குதிக்காதீர்கள். தசை வலி ஓரிரு நாளில் தானாகக் குறையும். மூட்டு வலி குறையாவிட்டால் ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். வர முடியாத நாளில் தகவல் தெரிவியுங்கள். எப்போது பெல்ட் கிடைக்கும் என்று கேட்காதீர்கள். யார் தேர்வுக்குத் தயார் என்பதை ஆசிரியரே சொல்வார். பல வகுப்புகளில் முதல் தேர்வு 3 அல்லது 4 மாதங்களில் வரும்.

டோஜோவுக்கு வெளியே

சேர்ந்த செய்தி தெரிந்ததும் "எங்கே, ஒரு உதை விடு பார்ப்போம்" என்று நண்பர்களோ உறவினர்களோ கேட்பார்கள். "வகுப்புக்கு வந்து பாருங்கள்" என்று சொல்லி முடித்துவிடுங்கள். பந்தயத்துக்காக ஓடு உடைக்காதீர்கள், தம்பி தங்கையிடம் சோதித்துப் பார்க்காதீர்கள். பெல்ட்டோடு தெருவில் நடந்து காட்டாமல் சீருடையைப் பையில் மடித்து எடுத்துச் செல்லுங்கள்.

சண்டை வரும்போல் தெரிந்தால் முதலில் விலகுங்கள், குரலைத் தாழ்த்துங்கள், உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். மூன்று மாதப் பயிற்சி யாரையும் சண்டைக்குத் தயாராக்காது. அந்தத் துணிச்சலோடு தெருவில் இறங்குபவர்தான் அடிபடுவார். ஆனால் அந்த மூன்று மாதங்களில் வேறொன்று பழகியிருக்கும்: எதிரே நிற்பவரின் தூரத்தைக் கவனிப்பது, "யாமே" என்றதும் நிறுத்துவது, கோபம் வரும்போதும் மூச்சைச் சீராக வைத்திருப்பது. வணங்கிக் கற்ற இவை மூன்றும் பேருந்து நெரிசலிலும் அலுவலக வாக்குவாதத்திலும் முதல் நாள் முதலே பயன்படும். அங்கெல்லாம் இவற்றைக் கடைப்பிடிக்கத் தொடங்கிவிட்டால், அடுத்த அத்தியாயத்தில் வரும் தடுப்புகளையும் குத்துகளையும் கற்க நீங்கள் தயார்.